மணிக்கு எடுத்த பாஸ்போர்ட்

போன மாதம் பாரிஸிலிருந்து என் தங்கை மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். நீல அட்டை போட்ட சின்னப் புத்தகம். மேலே வட்டமாகப் பன்னிரண்டு மஞ்சள் நட்சத்திரங்கள். கீழே ஒரு வரி: "மாமா, லூலுவோட பழைய பாஸ்போர்ட்ல பக்கம் தீர்ந்து போச்சு. புதுசு வாங்கியாச்சு."

லூலு அவள் வளர்க்கும் நாய். சுருள் முடி, ஆறு கிலோ எடை.

கீரப்பாளையம் டீக்கடை பெஞ்சில் அந்தப் படத்தைக் காட்டினேன். ஒரே சிரிப்பு. என்னோடு ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், "சார், எங்கிட்டயே பாஸ்போர்ட் கிடையாது, நாய்க்கு எதுக்கு சார்?" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருக்குச் சிதம்பரம் பஸ் வந்துவிட்டது. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்த கண்ணுக்கு அது நல்ல படிவமாகத்தான் தெரிந்தது. வளர்ப்பவர் பெயர், விலாசம். நாயின் பெயர், இனம், ஆணா பெண்ணா, நிறம், பிறந்த தேதி. அடுத்து ஒரு பதினைந்து இலக்க எண். நாயின் கழுத்துத் தோலுக்கு அடியில் அரிசி மணி அளவில் ஒரு சிப்பை ஊசியால் வைத்துவிடுகிறார்கள். கருவியைக் காட்டினால் இதே எண் வரவேண்டும். அதற்கப்புறம் வெறிநோய்த் தடுப்பூசிப் பக்கம்: மருந்தின் பெயர், தொகுதி எண், போட்ட தேதி, எதுவரை செல்லும், மருத்துவர் கையெழுத்து, முத்திரை. மற்றதெல்லாம் உபரி. புத்தகத்தின் உயிர் அந்தத் தடுப்பூசிப் பக்கத்தில் இருக்கிறது.

இது கையில் இருந்தால் லூலு காரின் பின்சீட்டில் உட்கார்ந்து பாரிஸிலிருந்து பார்சிலோனாவுக்குப் போகலாம், ரோமுக்குப் போகலாம். வழியில் யாரும் நிறுத்திக் கேட்பதுகூட அபூர்வம் என்கிறாள் என் தங்கை மகள். விமானம் என்றால் சின்ன நாயைப் பையில் வைத்துக் காலடியில் வைத்துக்கொள்ள அநேகக் கம்பெனிகள் விடுகின்றன. பெரிய நாய்க்குக் கூண்டு வேண்டும். அந்தக் கூண்டில் நாய் தலை இடிக்காமல் நிற்க வேண்டும், சுற்றித் திரும்ப வேண்டும், கால் நீட்டிப் படுக்க வேண்டும். அது சரக்கு அறையில் போகும். முதல் தடுப்பூசி போட்டு இருபத்தொரு நாள் ஆகியிருக்க வேண்டும். குட்டிக்குப் பன்னிரண்டு வாரம் ஆகாமல் அந்த ஊசி போட்டால் செல்லாது.

இத்தனை ஏற்பாடும் ஒரே ஒரு நோய்க்காக. அதற்குப் பிரெஞ்சில் ‘லா ராஜ்’ என்று பெயர். வெறி என்று அர்த்தம். நம்மைப் போலவே அவர்களும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு லூயி பஸ்தேர் வீட்டுப் பெரியவர் மாதிரி. கணக்கு மறந்தாலும் ஜோசப் மேஸ்தேர் கதை மறக்காது. ஒன்பது வயதுப் பையன், அல்சாஸ் பகுதிக்காரன். 1885 ஜூலை 4-ஆம் தேதி வெறிநாய் கடித்தது. தாய் அவனைப் பாரிஸுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினாள். ஜூலை 6-ஆம் தேதி பஸ்தேரின் மருந்து முதல் தடவையாக ஒரு மனிதனுக்குப் போடப்பட்டது. முயலின் முதுகுத்தண்டை உலர்த்தி எடுத்த மருந்து, பத்து நாளில் பதின்மூன்று ஊசி. பையன் பிழைத்தான், பெரியவனாகி பஸ்தேர் நிலையத்திலேயே காவலாளாக இருந்தான். எங்கள் ஆசிரியர் இதை உணர்ச்சியோடு சொல்வார். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 1871 போருக்குப் பிறகு அல்சாஸ் ஜெர்மனிக்குப் போய்விட்டது. ஆகவே அந்தத் தாய் பிள்ளையைக் காப்பாற்ற ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்குப் போயிருக்கிறாள். எல்லை தாண்டிய முதல் வெறிநாய்க்கடி வைத்தியம் என்றே இதைச் சொல்லலாம்.

பாடத்தில் படித்தது எங்கள் வீட்டுக்கே வரும் என்று அப்போது தெரியாது.

1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். பக்கத்து வீட்டில் ஒரு ‘சொல்தா’ இருந்தார். இந்தோசீனாவில் சண்டை போட்டுவிட்டு பென்ஷனில் வந்தவர். எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடம் குடும்பத்தோடு கப்பலேறினார். அவரிடம் ஒரு செவலை நாய் இருந்தது, மெதோர் என்று பெயர். பிரான்சில் நம்ம ஊர் ‘மணி’ மாதிரி அது நாய்க்கு வைக்கும் பெயர். கூட்டிப் போகக் காசு கட்டுப்படியாகாது என்று அதை எங்கள் வீட்டில் கட்டிவிட்டுப் போனார். அவருடைய சின்ன மகள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதது இப்போதும் கண்ணில் நிற்கிறது. மூன்று நாள் அது கஞ்சி குடிக்கவில்லை. நான் மகளைச் சொல்லவில்லை, மெதோரைச் சொல்கிறேன்.

அந்த வருடக் கடைசியில் தெருநாய் ஒன்று மெதோரைக் கடித்துவிட்டது. காயம் ஆறிவிட்டது. மூன்று நாலு வாரம் கழித்துக் குரல் மாறியது. தண்ணீர்ச் சட்டியை விட்டு ஒதுங்கியது. ஒரு விடியற்காலை என் கெண்டைக்காலிலும் தம்பியின் கையிலும் கடித்துவிட்டு, எதிர்வீட்டுப் பையனைப் பிறாண்டிவிட்டு ஓடிப்போனது. அன்று சாயங்காலமே செத்தது.

அப்பா பஸ்தேர் கதை தெரிந்தவர். அன்றைக்கே எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி. என் வயது வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாளைக்கு ஒன்றாக, கடிகார முள் மாதிரி வயிற்றைச் சுற்றி வரும். ஐந்தாவது நாளிலிருந்து வயிறு வீங்கிச் சட்டை பட்டாலே வலிக்கும். "குன்னூர் மருந்து, தம்பி. நல்ல மருந்து" என்பார் கம்பவுண்டர். எதிர்வீட்டுப் பையனுக்குச் சின்னப் பிறாண்டல்தானே என்று பச்சிலை கொடுத்தார்கள். பத்தியம் இருந்தான். இரண்டு மாதம் நன்றாக இருந்தான், என்னோடு கோலி விளையாடினான். பிறகு ஒரு நாள் தண்ணீர் குடிக்க முடியவில்லை என்றான். நாலு நாளில் போய்விட்டான். அவன் பெயரை இங்கே எழுதவில்லை, அவன் அக்கா இன்னும் இருக்கிறார்.

அந்தக் குன்னூர் மருந்துக்கும் ஒரு கதை உண்டு. 1902-இல் ஓர் ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். அப்போது வைத்தியம் வேண்டுமானால் இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்குத்தான் போகவேண்டும். தென்னாட்டுக்கு ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சு அதிலிருந்து வலுத்தது. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி பிப்ஸ் கர்சன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடையில் ஒரு பகுதி அதற்கு உதவியது. அதே நன்கொடையில்தான் பீகாரின் பூசாவில் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. குன்னூர் பஸ்தேர் நிலையம் 1907-இல் வேலை தொடங்கியது. பிறகு கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் ஆட்டு மூளையிலிருந்து மருந்து செய்யும் முறையை 1911-இல் கொண்டு வந்தார். மலிவாகச் செய்யலாம், ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பி வைக்கலாம். அதனால் நம் பக்கத்து ஜனங்கள் குன்னூர் வரை போகாமல் பிழைத்தார்கள். கெடுதலும் இருந்தது. மூளைத் திசு உடம்பில் போவதால் சிலருக்குக் கை கால் விளங்காமல் போனது உண்டு.

இனி ஐரோப்பாவுக்குப் போவோம். அவர்கள் எப்படி நாய்க்குப் புத்தகம் கொடுக்கும் நிலைக்கு வந்தார்கள்?

இங்கிலாந்து ஒரு வழி கண்டது. தீவு அல்லவா? நாய்களுக்கு வாய்ப்பூட்டு போட வைத்தும், வெளியிலிருந்து வரும் நாயை அடைத்து வைத்தும் 1902-இல் நோயை ஒழித்தது. முதல் உலகப் போர் முடிகிற நேரத்தில், 1918-இல், அது திரும்பி வந்தது. சிப்பாய்கள் கள்ளத்தனமாகக் கொண்டு வந்த நாய்களால் என்கிறார்கள். 1922-இல் மறுபடி ஒழித்தார்கள். அதிலிருந்து வெளிநாட்டு நாய் எதுவானாலும் ஆறு மாதம் காவல். எஜமானர் காசு கட்டி, வாரம் ஒரு தடவை கூண்டு வழியாகப் பார்த்துவிட்டு வரலாம். சிறையில் சொந்தக்காரரைப் பார்ப்பது போல.

ஆறு மாதமும் சில சமயம் போதவில்லை. 1969-இல் ஜெர்மனியிலிருந்து ராணுவக் குடும்பத்தோடு வந்த பிரிட்ஸ் என்ற நாய் ஆறு மாதக் காவலை ஒழுங்காக முடித்து வெளியே வந்தது. சில நாளில் கேம்பர்லி என்ற ஊரில் அதற்கு வெறி பிடித்தது. சுற்றுவட்டாரக் காட்டில் நரிகளையும் மற்றப் பிராணிகளையும் சுட்டுத் தள்ளினார்கள். மறு வருடம் பாகிஸ்தானிலிருந்து வந்த இன்னொரு நாய்க்கும் காவல் முடிந்தபின் நோய் கண்டது. சட்டம் இன்னும் இறுகியது.

இந்தச் சட்டத்துக்குப் பெரிய மனிதரும் சின்ன மனிதரும் ஒன்றுதான். ஹாங்காங்கின் கடைசி ஆங்கிலேய கவர்னர் கிரிஸ் பேட்டன் 1997-இல் அந்த ஊரைச் சீனாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். அவரிடம் விஸ்கி, சோடா என்று இரண்டு நாய்கள். ஆறு மாதம் அடைக்க மனமில்லாமல் பிரான்சில் இருந்த தம் வீட்டுக்கு அவற்றை அனுப்பிவிட்டார். இதைப் படித்தபோது எனக்கு மெதோர் ஞாபகம் வந்தது. கவர்னருக்கு பிரான்சில் ஒரு வீடு இருந்தது, எங்கள் சொல்தாவுக்கு பென்ஷன் மட்டும்தான் இருந்தது.

பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் கடல் கிடையாது. அங்கே சிக்கல் நரி. 1940-களில் போலந்துப் பக்கம் கிளம்பிய நரி வெறி வருடா வருடம் மேற்கே நகர்ந்து, 1968-இல் ஜெர்மனி எல்லை தாண்டி பிரான்சுக்குள் நுழைந்தது. பஸ்தேர் பிறந்த நாட்டுக்கே! சுட்டுப் பார்த்தார்கள், பொறி வைத்துப் பார்த்தார்கள். ஒரு நரி போனால் அந்த இடத்துக்கு இன்னொரு நரி வந்தது. கடைசியில் சுவிட்சர்லாந்துக்காரர்கள் செய்ததுதான் வேடிக்கை. 1978-இல் கோழித் தலைகளில் தடுப்பு மருந்தை வைத்து ரோன் பள்ளத்தாக்கில் வீசினார்கள். நரி தின்றது, அதற்கு நோய் எதிர்ப்பு வந்தது. கொல்வதை விட்டுச் சாப்பாடு போட்ட பிறகுதான் காரியம் நடந்தது. மற்ற நாடுகள் பின்னால் வந்தன. பிரான்ஸ் 1986-இல் தொடங்கி, ஹெலிகாப்டரிலிருந்து மருந்து உருண்டைகளைக் காட்டில் தூவி, 2001-இல் நோய் இல்லாத நாடு என்று அறிவித்தது.

காட்டில் நோய் இல்லை என்றான பிறகுதான் வீட்டு நாயை நம்ப முடிந்தது. இங்கிலாந்து 2000 பிப்ரவரியில் சோதனையாகக் காவலைத் தளர்த்தியது. 2004 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அந்த நீலப் புத்தகம் வந்தது.

அது வந்த அடுத்த மாதமே ஒரு சம்பவம். மொரோக்கோவிலிருந்து ஒருவர் ஒரு நாய்க்குட்டியைக் காரில் போட்டு, ஸ்பெயின் வழியாக பிரான்சின் பொர்தோ பக்கம் கொண்டு வந்தார். ஊசியும் இல்லை, காகிதமும் இல்லை. கோடைத் திருவிழாக்களுக்கெல்லாம் அதைக் கூட்டிப் போனார், குழந்தைகள் தடவிக் கொடுத்தார்கள். ஆகஸ்டில் குட்டி செத்தது. பார்த்தால் வெறிநோய். பத்திரிகையிலும் டெலிவிஷனிலும் அறிவித்து, தொட்டவர்களைத் தேடித் தேடி, நூற்று எண்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஒரு குட்டிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நம் ஊரில் கேட்பார்கள். எதிர்வீட்டுப் பையனை அறிந்தவன் கேட்கமாட்டேன்.

அதே 2004-ஆம் வருடக் கடைசியில்தான் இந்தியாவில் ஆட்டு மூளை ஊசி நிறுத்தப்பட்டது. அவர்கள் நாய்க்குப் புத்தகம் அச்சடித்த வருடம் வரைக்கும் நாம் பிள்ளைகளின் தொப்புளைச் சுற்றிக் குத்திக்கொண்டிருந்தோம். குன்னூரிலும் திசு வளர்ப்பு முறை மருந்துக்கு மாறினார்கள். இப்போது கையில் நாலைந்து ஊசியோடு சரி. இருந்தும், வெறிநோயால் உலகில் வருடத்துக்குச் சுமார் 59,000 பேர் சாகிறார்கள், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

இந்தக் கணக்கு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது முந்தின வருடம். என் மகனுக்கு லியோனில் வேலை கிடைத்தது. பேத்திக்குப் பன்னிரண்டு வயது. வாய்க்கால் மதகடியில் அவள் கண்டெடுத்த தெருக்குட்டி ஒன்று வளர்ந்து நாயாகியிருந்தது. பெயர் மணி. "மணி வராம நான் வரமாட்டேன் தாத்தா" என்றாள். மகன் என்னைப் பார்த்தான், நான் வைத்துக்கொள்வேன் என்ற நினைப்பு. எனக்கு அந்தச் சங்கிலிதான் கண்ணில் வந்தது. "கூட்டிப் போங்க. கோப்பை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

லூலுவுக்கு ஒரு புத்தகம் போதும். மணிக்கு? இந்தியா அவர்கள் பட்டியலில் இல்லாத நாடு. சிப் வைத்து, ஊசி போட்டு, முப்பது நாளாவது கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ஐரோப்பா ஒப்புக்கொண்ட ஆய்வகத்தில் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு எதிர்ப்புச் சக்தி இருப்பதாக வரவேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். வளர்ப்பவர் பயணத்துக்கும் நாயின் பயணத்துக்கும் ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி கூடாது. கடைசியில் சென்னையில் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் சான்றிதழ்.

மார்ச்சில் ஊசி, ஏப்ரலில் சிப், மே மாதம் ரத்தம். ஆகஸ்டில் கிளம்பினால் செப்டம்பரில் பள்ளி. கணக்கு சரியாக இருந்தது. ஜூன் மாதம் காகிதங்களைப் பார்த்த ஒருவர், "சார், ஊசி தேதி சிப் தேதிக்கு முன்னாடி இருக்கே" என்றார். சிப் வைத்த பிறகு போட்ட ஊசிதான் கணக்கு. அதற்கு முன் போட்டது எந்த நாய்க்குப் போட்டது என்று எப்படித் தெரியும்? நியாயம்தான். ஊசி போட்டவரும் சொல்லவில்லை, முப்பத்தைந்து வருடம் தேதி பார்த்த நானும் கவனிக்கவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாம் முதலிலிருந்து. ஜூன் 20-இல் மறுபடி ஊசி, ஜூலை 21-இல் ரத்தம். மகன் தனியாகக் கிளம்பினான். மருமகளும் பேத்தியும் எங்களோடு இருந்தார்கள். ரத்தம் நல்ல அளவில் வந்தது. மூன்று மாதம் கூண்டுக்குள் சோறு வைத்து மணியைப் பழக்கினோம். தூக்க மருந்து கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, ஆகாயத்தில் அது ஆபத்து, கூடவே கூடாது என்றார்கள். அக்டோபர் கடைசியில் சென்னையில் ஏற்றிவிட்டோம். நாயின் கட்டணம் மருமகளின் டிக்கெட்டை விட அதிகம். பாரிஸில் சிப்பைப் படித்தார்கள், காகிதத்தைப் புரட்டினார்கள், கால் மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். பேத்தி சகல புனிதர் திருநாள் விடுமுறைக்குப் பிறகு, இரண்டு மாதம் பிந்திப் பள்ளியில் சேர்ந்தாள்.

இப்போது மணியும் காரில் ஊர் சுற்றுகிறது. ஜெனீவா போயிருக்கிறது. வருகிற கோடையில் லண்டனில் இருக்கும் என் தங்கை மகனைப் பார்க்கப் போவதாகப் பேச்சு. விமானத்தில் இங்கிலாந்துக்குப் போகும் நாயைச் சரக்காகத்தான் பதிந்து அனுப்ப வேண்டும். அதனால் கலே வரை காரில் போய், காரோடு சுரங்க ரயிலில் ஏறிவிடுகிறார்கள், முப்பத்தைந்து நிமிடம். போவதற்கு ஒன்று முதல் ஐந்து நாளுக்குள் நாடாப்புழு மாத்திரை கொடுத்துப் புத்தகத்தில் எழுதி வாங்க வேண்டும். லூலுவுக்கு அது பழக்கம். இங்கிலாந்து ஒன்றியத்தை விட்டுப் போனதால் 2021 முதல் அங்கே வசிப்பவர்களின் நாய்களுக்குத்தான் தொல்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் புதுச் சான்றிதழ் எடுக்கிறார்களாம்.

லியோனில் மணிக்கு நீலப் புத்தகம் எழுதிய அன்று பேத்தி போன் பண்ணினாள். இனம் என்ற இடத்தில் டாக்டர் ‘கலப்பு’ என்று போட்டுவிட்டாராம், அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். "பிறந்த தேதி கேக்கறாங்க தாத்தா, என்ன சொல்ல?" மதகடியில் கிடந்த குட்டிக்கு யார் தேதி எழுதி வைத்தார்கள்? வளர்ப்பவர் சொல்வதைத்தான் எழுதுவார்களாம். அவள் குட்டியைத் தூக்கி வந்த அன்று வீட்டில் பொங்கல் பானை இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தார்கள், அது நன்றாக நினைவிருக்கிறது. அப்போது ஆறு வாரக் குட்டி இருக்கும். விரலில் எண்ணிப் பார்த்து, டிசம்பர் ஒன்று என்று சொன்னேன். பதிந்துகொண்டார்கள்.